சாந்தோமில் வாடிக்கை பிடித்தல்: ஓராண்டு நேரடி விற்பனையில் கற்க வேண்டியவை

விளைந்த கீரையையும் காய்கறியையும் மண்டிக்கு ஏற்றி அனுப்பாமல், நகரத்துக் குடும்பங்களுக்குத் தாமே கொண்டுபோய் விற்றால் என்ன என்ற எண்ணம் சென்னையைச் சுற்றியுள்ள சிறு விவசாயிகள் பலருக்கு உண்டு. யோசனை நல்லதே. கத்தரிக்காய்க்கு மயிலாப்பூர்க் குடும்பம் கொடுக்கும் விலைக்கும், அதே கத்தரிக்காய்க்குத் திருப்போரூர் விவசாயி கையில் வந்து சேரும் தொகைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் யாருக்கும் இந்த ஆசை வரும். ஆனால் பயிர் செய்வது ஒரு வேலை; வாடிக்கை பிடிப்பது வேறொரு வேலை. அதற்கும் விதைச் செலவு உண்டு, பருவம் உண்டு, பூச்சி அரிப்பது போன்ற சேதாரமும் உண்டு. இதைக் கணக்கில் எடுக்காமல் இறங்கியவர்கள் ஆறு மாதத்தில் கைவிட்டு, வண்டிக் கடனை மட்டும் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

மண்டியைப் பற்றி எவ்வளவு குறை சொன்னாலும் அதற்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. கொத்தவால்சாவடியில் இருந்த காலத்திலும் சரி, 1996இல் கோயம்பேட்டில் பெரிய மார்க்கெட் திறக்கப்பட்ட பிறகும் சரி, கொண்டுபோன சரக்கு முழுவதையும் ஏதோ ஒரு விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். கமிஷன், இறக்குக்கூலி, சாக்கு, வண்டி வாடகை எல்லாம் போக மிச்சம் குறைவுதான். ஆனாலும் மூட்டை திரும்பி வராது. நேரடி விற்பனையில் மூட்டை திரும்பி வரும்.

உழவர் சந்தையோடும் இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அங்கே விவசாயிக்கு அடையாள அட்டை, தராசு, கடை எல்லாம் அரசு ஏற்பாடு. அவற்றைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. வாங்குபவர்களைக் கூட்டிச் சேர்க்கும் வேலையைச் சந்தையே செய்துவிடுகிறது. காலையில் பையோடு ஜனங்கள் வந்து நிற்பார்கள். விவசாயி போய் உட்கார்ந்தால் போதும். வீட்டுக்கு வீடு கொடுக்கும் வியாபாரத்தில் அந்தக் கூட்டத்தை விவசாயியே ஒவ்வொருவராகச் சேர்க்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு என்ன என்பதுதான் முதல் கேள்வி.

ஒரு வாடிக்கைக்கு என்ன செலவு?

கணக்குக்காக ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். திருப்போரூர் வட்டாரத்தில் ஒரு ஏக்கரில் கீரை, கத்தரி, வெண்டை, அவரை, கொஞ்சம் வாழை. அங்கிருந்து சாந்தோம் நாற்பது கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. வாரம் ஒரு முறை, சனிக்கிழமை காலை, 250 ரூபாய்க்கு ஒரு பை காய்கறி என்று வீடுகளுக்குக் கொடுக்கத் தொடங்குகிறார். அந்தப் பையில் உள்ள சரக்கு மண்டிக்குப் போயிருந்தால் எல்லாச் செலவும் போக 130 ரூபாய் நின்றிருக்கும். வித்தியாசம் 120 ரூபாய். தரம் பிரிக்க, கட்ட, பை வாங்க 20 ரூபாய். மீதி 100 ரூபாய். வாடகை வண்டிக்கு ஒரு நடைக்கு 1,800 ரூபாய் என்று கொள்வோம்.

இப்போது வீடுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். 15 வீடு என்றால் வண்டிச் செலவு வீட்டுக்கு 120 ரூபாய். பை ஒன்றுக்கு 20 ரூபாய் நஷ்டம். 18 வீடு என்றால் சரிக்குச் சரி. மண்டிக்குப் போட்டதும் இதுவும் ஒன்றே. 30 வீடு என்றால் பைக்கு 40 ரூபாய் கூடுதல். 60 வீடு என்றால் 70 ரூபாய். வண்டி ஒன்றே, டீசல் ஒன்றே, ஓட்டுநரும் ஒருவரே. ஏறியது வீடுகளின் எண்ணிக்கை மட்டும்.

அடுத்தது வாடிக்கை சேர்க்கும் செலவு. நோட்டீஸ் அச்சடித்து விநியோகிக்கவும், முதல் வாரம் மாதிரிக் கட்டு இனாமாகக் கொடுக்கவும், இரண்டு மூன்று சனிக்கிழமை சும்மா வந்து போகவும் எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய் ஆனதாக வைத்துக்கொள்வோம். 20 வீடுகள் வாங்கத் தொடங்கின. "வீட்டுக்கு 300 ரூபாய்தானே செலவு, பரவாயில்லை" என்று தோன்றும். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அந்த 20இல் 8 வீடுதான் தொடர்ந்து வாங்குகிறது என்றால், உண்மையான செலவு ஒரு வாடிக்கைக்கு 750 ரூபாய். வந்தவர்களை எண்ணுவது விதைத்த விதையை எண்ணுவது போன்றது. தங்கியவர்களை எண்ணுவதுதான் வேர் பிடித்த நாற்றை எண்ணுவது.

இந்த 750 ரூபாய் எப்போது திரும்பும்? 30 வீடு உள்ள நிலையில் வாரம் 40 ரூபாய் வீதம் 19 வாரம் ஆகும். 60 வீடு இருந்தால் 11 வாரம் போதும். 20 வீடுதான் இருக்கிறது என்றால் வாரம் 10 ரூபாய் மட்டுமே கூடுதல் என்பதால் 75 வாரம், அதாவது ஏறக்குறைய ஒன்றரை வருஷம் ஆகும். அவ்வளவு காலம் ஒரு குடும்பம் அதே வீட்டில் குடியிருக்குமா என்பதே சந்தேகம்.

தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் இந்த மூன்று எண்களையும் ஒவ்வொருவரும் தம் கணக்கில் போட்டுப் பார்க்க வேண்டும்: ஒரு பையில் உள்ளபடியே மிஞ்சுவது எவ்வளவு, தங்கிய வாடிக்கைக்கு ஆன செலவு எவ்வளவு, அந்தச் செலவு திரும்ப எத்தனை வாரம். இதைப் போடாமல் சொந்த வண்டிக்கு முன்பணம் கட்டக் கூடாது.

தெருவைப் பிடி, ஊரைப் பிடிக்காதே

முதல் வருஷத்தில் சாதாரணமாக நடக்கும் தவறு, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவது. சாந்தோமில் பத்து வீடு, அடையாறில் ஐந்து, தி. நகரில் நான்கு, அதற்கு அப்பால் யாரோ உறவினர் சொன்ன இரண்டு வீடு. மொத்தம் 21 வீடு என்று சந்தோஷப்படலாம். ஆனால் வண்டி நகரத்தைச் சுற்றி வருவதற்குள் மணி பன்னிரண்டாகிவிடும், கீரை துவண்டுவிடும். கடைசி வீட்டம்மா அடுத்த வாரம் வேண்டாம் என்பார்.

சாந்தோம் ஒரு சிறிய இடம். கிழக்கே கடல். மேற்கே மயிலாப்பூர். தெற்கே பட்டினப்பாக்கமும் அடையாற்று முகத்துவாரமும். நடுவே சாந்தோம் நெடுஞ்சாலையில் பேராலயம், அதன் அக்கம்பக்கத்தில் பள்ளிக்கூடங்கள், பழைய வீடுகளை இடித்துக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகள். ஒரே குடியிருப்பில் பன்னிரண்டு வீடு இருந்து, அதில் ஆறு வீடு வாங்கினால் ஒரே நிறுத்தத்தில் ஆறு பை இறங்கிவிடும். வேறு வேறு தெருவில் ஆறு வீடு என்றால் ஆறு நிறுத்தம். முதல் ஆறு மாதம் மண்டைவெளிக்கு அப்பால் போகவே மாட்டோம் என்று எல்லை கட்டிக்கொள்வது புத்திசாலித்தனம்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. நோட்டீஸ் பார்த்து வந்தவரைவிட, எதிர்வீட்டுக்காரர் சொல்லி வந்தவர் அதிக நாள் தங்குவார். எதிர்வீட்டில் சமைத்த முருங்கைக்கீரையை அவர் சாப்பிட்டுப் பார்த்துத்தான் வருகிறார். சிபாரிசு செய்த வீட்டுக்கு ஒரு கீரைக் கட்டும் அரை டஜன் எலுமிச்சையும் சேர்த்துக் கொடுத்தால் 60 ரூபாய் ஆகுமா? 30 வீடு கணக்கில் அது இரண்டு வாரத்திலேயே திரும்பிவிடும். 750 ரூபாயோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நோட்டீஸ் என்பது முதல் பத்து வீட்டைப் பிடிக்க மட்டுமே. பிறகு பேசுவது காய்கறியின் வேலை.

குடியிருப்புக்குள் நுழைவதற்குச் சில முறைகள் இருக்கின்றன. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். வாசல் காவலாளியை ஒதுக்கிவிட்டு யாரும் உள்ளே போக முடியாது. அவர் வீட்டுக்கும் ஒரு கட்டுக் கீரை கொடுப்பது தப்பில்லை. பல வீடுகளில் காய் நறுக்கிச் சமைப்பவர் வேறொரு அம்மாள். பணம் கொடுப்பவருக்குப் பிடித்திருந்தாலும், மண் ஒட்டிய கீரையை ஆய்ந்து ஆய்ந்து சமையல்கார அம்மாளுக்கு அலுத்துப்போனால் அந்த வாடிக்கை நிற்காது. வேரை நறுக்கி, ஒருமுறை அலசிக் கட்டினால் போதும். இந்தச் சின்ன விஷயத்தைக் கவனிப்பதில் ஆண்களைவிட வீட்டுப் பெண்கள் கெட்டிக்காரர்கள். வாரத்தில் ஒரு நாளாவது விவசாயியின் மனைவியோ தாயாரோ வண்டியில் வந்து பேசினால் உண்மையான குறைகள் வெளிவரும். "சார், எல்லாம் நல்லா இருக்கு" என்று ஆண்களிடம் முடித்துக்கொள்பவர்கள், "அக்கா, போன வாரம் வெண்டைக்காய் முத்தல்" என்று பெண்களிடம் சொல்லிவிடுவார்கள்.

லூப் சாலையில் ஒரு பாடம்

நேரடி விற்பனையைக் கற்றுக்கொள்ள சாந்தோம் விவசாயி வேறெங்கும் போக வேண்டாம். பேராலயத்துக்குப் பின்னால் கடற்கரையை ஒட்டிச் செல்லும் லூப் சாலைக்குக் காலையில் போய் நின்றால் போதும். நொச்சிக்குப்பம், முள்ளிக்குப்பம் மீனவப் பெண்கள் தலைமுறையாக அங்கே மீன் விற்கிறார்கள். தங்கள் வீட்டுப் படகில் வந்த மீனைத் தாங்களே விற்பவர்கள் அவர்களில் உண்டு. அவர்கள் யாரும் நோட்டீஸ் அச்சடிப்பதில்லை. வரும் முகம் தெரியும். எந்த வீட்டில் வஞ்சிரம், எந்த வீட்டில் நெத்திலி, யார் வீட்டில் குழந்தைக்கு முள் இல்லாத மீன் என்பது தெரியும். தெரிந்த முகத்திடம் "இன்னிக்கு உனக்கு வேணாம்மா, நாளைக்கு வா" என்று அந்த அம்மாள் சொன்னால், அடுத்த பத்து வருஷத்துக்கு வாடிக்கை உறுதி.

2023 ஏப்ரலில் இந்தச் சாலையோரக் கடைகள் பெரிய பிரச்சினையாயின. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் மறியல் செய்தார்கள். பிறகு அங்கேயே 366 கடைகள் கொண்ட நவீன மீன் அங்காடி கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வழக்கின் நியாய அநியாயம் இங்கே பேச்சில்லை. விவசாயி கவனிக்க வேண்டியது வேறு. வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, வழக்கமான அம்மாளிடம் வாங்கிப் போவது என்பது வாங்குபவரின் கால் பழகிய தடம். விற்கும் இடம் கொஞ்சம் நகர்ந்தாலும் அந்தத் தடம் கலையும். மீனவப் பெண்கள் அந்த இடத்துக்காக அவ்வளவு பிடிவாதமாக நின்றது காரணமில்லாமல் அல்ல. காய்கறி வண்டி சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு மரத்தடியில் நின்றால், ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏழு மணிக்கு அதே மரத்தடியில் நிற்க வேண்டும். ஒரு வாரம் ஏழு, மறுவாரம் எட்டரை, அதற்கடுத்த வாரம் விசேஷம் என்று வராமலே போனால், மூன்றாவது வாரம் அவர்கள் மாட வீதிக் கடையில் வாங்கியிருப்பார்கள்.

வாடிக்கைக்கும் பட்டம் உண்டு

ஆடிப்பட்டம் தேடி விதைப்பது போல வாடிக்கை சேர்ப்பதற்கும் பட்டம் இருக்கிறது. சாந்தோம், மயிலாப்பூர்ப் பகுதியில் ஓராண்டு எப்படிப் போகும் என்று தெரிந்துகொண்டால் பாதிச் சேதாரம் குறையும்.

தை பிறந்தவுடன் காய்கறி வரத்து பெருகி விலை இறங்கிவிடும். தக்காளி, கத்தரி எல்லாம் மலிவு. இந்தச் சமயத்தில் வியாபாரம் தொடங்கினால் விலையைக் காட்டி யாரையும் இழுக்க முடியாது. வாசலுக்கே தள்ளுவண்டியில் மலிவாக வருகிறது. ஆகவே சேர்பவர்கள் சிலரே. ஆனால் அப்படியும் சேர்பவர்கள் ருசிக்காகவும் புதுசுக்காகவும் சேர்ந்தவர்கள், அவர்கள் தங்குவார்கள். ஐப்பசி மழையில் விலை ஏறியிருக்கும்போது தொடங்கியவருக்கு ஒரே மாதத்தில் நாற்பது வீடு கிடைக்கலாம். தை பிறந்ததும் அதில் பெரும்பகுதி தள்ளுவண்டிக்குத் திரும்பிவிடும்.

மாசி, பங்குனியில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தவக்காலம். சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை பல வீடுகளில் இறைச்சி குறைந்து காய்கறி கூடும். சாந்தோமில் இது நல்ல விற்பனைக் காலம். அதே பங்குனியில் கபாலீசுவரர் கோயில் திருவிழா. அறுபத்து மூவர் அன்று மயிலாப்பூர் மாட வீதிகளில் மனிதர் நுழைவதே கஷ்டம். அந்த வாரம் வண்டி எந்த வழியில், எந்த நாளில் வரும் என்று முன் வாரமே வீடுகளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

சித்திரை, வைகாசி மந்தமான மாதங்கள். பள்ளிக்கூட விடுமுறையில் குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும். வயலிலும் தண்ணீர் குறைந்து கீரை இளைத்திருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால் மீன் விலை ஏறும். வீட்டிலிருப்பவர்கள் காயைக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கலாம், அவ்வளவுதான். இந்த இரண்டு மாதம் வாங்காதவர்களை "போய்விட்டார்கள்" என்று அடித்துவிடக் கூடாது. ஊருக்குப் போகும் முன்னரே "எப்போது திரும்புவீர்கள் அம்மா" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, திரும்பும் வாரம் தொலைபேசியில் கூப்பிட்டால் பெரும்பாலோர் மறுபடி சேர்ந்துவிடுவார்கள். கூப்பிடாவிட்டால் மறந்துவிடுவார்கள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் சமயம்தான் உண்மையான விதைப்புப் பட்டம். குழந்தைகளின் பள்ளிக்காக வாடகை வீடு மாறி வருபவர்கள் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான் வருவார்கள். புதிதாகக் குடிவந்த வீட்டுக்குப் பால்காரர் யார், காய்காரர் யார் என்று இன்னும் முடிவாகியிருக்காது. பழைய வாடிக்கைகளில் சிலர் வீட்டைக் காலி செய்து போவதும் அப்போதுதான். போனவர் இருந்த வீட்டுக்கு வந்தவரை அந்த வாரமே பார்க்க வேண்டும். வருஷத்துக்கு ஒதுக்கிய விளம்பரச் செலவில் பாதியை இந்த ஒரு மாதத்துக்கு வைத்துக்கொள்வது சிலாக்கியம்.

ஆடியில் கூழுக்கு முருங்கைக்கீரை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா திருவிழா. அதையொட்டி விரதம் இருப்பவர்கள் உண்டு. புரட்டாசியில் பல இந்துக் குடும்பங்கள் அசைவத்தை நிறுத்திவிடும். நவராத்திரிக்குச் சுண்டல் பயறுகள் கேட்கும். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வீட்டிலும் அப்படியே. ஆக, ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு மாசியிலும் அடுத்த வீட்டுக்குப் புரட்டாசியிலும் காய் கூடுதலாக வேண்டும். எந்த வீட்டுக்கு எது என்று தெரிந்துவைத்திருப்பவர் அவரைக்கும் கொத்தவரைக்கும் விதைப்புத் தேதியை அதற்கேற்ப வைத்துக்கொள்வார்.

ஐப்பசி, கார்த்திகை மழைதான் சோதனை. வயலில் தண்ணீர் நின்றால் கீரை அழுகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நகரமே தண்ணீரில் நின்றது. அப்படிப்பட்ட வாரத்தில் சரக்கு இல்லையென்றால் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுவது மேல். மண்டியில் வாங்கி நிரப்பி "நம்ம தோட்டத்துக் காய்" என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மயிலாப்பூர் மாமிகளுக்குக் கத்தரிக்காயைத் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். பக்கத்து விவசாயியிடம் வாங்கியதானால் அதையே சொல்லிக் கொடுக்கலாம். அதில் கேவலம் ஒன்றுமில்லை.

விலை ஏறும் நாளில் என்ன செய்வது?

2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அரசே ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. இப்படிப்பட்ட நாளில் தக்காளி வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு ஆசை வருவது இயற்கை. வாடிக்கை வீட்டுக்கு 50 ரூபாய் என்று பேசியிருக்கிறார். மண்டியில் அதைவிட எவ்வளவோ கூடுதலாகக் கிடைக்கிறது. வருஷமெல்லாம் கடனில் இருப்பவரிடம் அதை விட்டுவிடு என்று சொல்வது எளிதல்ல.

ஆனால் கணக்கைப் பார்க்கலாம். வீட்டுக்கு வாரம் ஒரு கிலோ வீதம் 30 வீட்டுக்கு 30 கிலோதான். மீதி எல்லாவற்றையும் மண்டிக்கே அனுப்பலாம். கிலோவுக்கு 40 ரூபாய் விட்டுக்கொடுத்தாலும் வாரம் 1,200 ரூபாய். நான்கு வாரம் நீடித்தால் 4,800. இது வீடு ஒன்றுக்கு 160 ரூபாய். புதிதாக ஒரு வாடிக்கையைச் சேர்க்க 750 ரூபாய் செலவழித்ததை நினைத்தால், இருப்பவரைக் காப்பாற்ற 160 ரூபாய் அதிகமல்ல. ஊரெல்லாம் 100 ரூபாய் விற்றபோது நமக்கு 60 ரூபாய்க்குக் கொடுத்தார் என்ற பேச்சு அந்தக் குடியிருப்பில் வருஷக்கணக்கில் நிற்கும். பேசிய விலையைப் பத்து ரூபாய் ஏற்றுவதில் தவறில்லை. காரணத்தைச் சொல்லி ஏற்ற வேண்டும்.

தள்ளுபடி கொடுத்து ஆள் சேர்ப்பது இதற்கு நேர் எதிரானது. முதல் மாதம் பாதி விலை என்றால் பாதி விலைக்காரர்கள்தான் வருவார்கள். இரண்டாவது மாதம் முழு விலை கேட்டால் அடுத்த பாதி விலைக்காரரைத் தேடிப் போய்விடுவார்கள். அதேபோல, அவசரத்தில் சேர்ந்த கூட்டத்தை நம்பியும் வண்டி வாங்கக் கூடாது. 2020 மே மாதம் கொரோனாவினால் கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டு, காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. வீட்டைவிட்டு வெளியே வரப் பயந்த ஜனங்கள், வாசலுக்கு யார் கொண்டுவந்தாலும் வாங்கினார்கள். செப்டம்பர் இறுதியில் கோயம்பேடு திறந்து, கடைத்தெருக்களும் வழக்கத்துக்கு வந்த பிறகு அந்த அவசரம் இல்லை. அவசரத்துக்கு வந்தவர் அவசரம் தீர்ந்தால் போவார். அந்த நாட்களில் முகம் பழகி, பெயர் தெரிந்து, ருசி கண்டவர்களே மிச்சம்.

முன்பணமும் அட்டையும்

வாராவாரம் "இந்த வாரம் வேணுமா?" என்று கேட்பது வாராவாரம் புதிதாக வாடிக்கை பிடிப்பதற்குச் சமம். இதற்கு வழி சென்னை வீடுகளுக்கு ஏற்கெனவே பழக்கமானதுதான். ஆவின் பால் அட்டை வாங்கியவர்கள் ஒரு மாதத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டிவிடுகிறார்கள். அட்டைதாரருக்கு விலையும் குறைவு. மறுநாள் பால் வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. காய்கறிக்கும் அப்படியே நான்கு வாரத்துக்கு ஒரு அட்டை போடலாம். 1,000 ரூபாய் முன்பணம். ஊருக்குப் போகும் வாரத்தை முன் வாரமே சொன்னால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம். 30 வீட்டில் 20 வீடு அட்டை எடுத்தால் 20,000 ரூபாய் மாதத் தொடக்கத்தில் கைக்கு வருகிறது. விதைக்கும் உரத்துக்கும் வட்டிக்கு வாங்க வேண்டியதில்லை.

வெளிநாடுகளிலும் இதே வழிதான். ஜப்பானில் 1970களில் நகரத்துக் குடும்பப் பெண்கள் விவசாயிகளோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதற்குத் 'தெய்கெய்' என்று பெயர். அமெரிக்காவில் 1986இல் இதைப் போன்ற முறை தொடங்கியது. பருவத் தொடக்கத்திலேயே குடும்பங்கள் பங்குத் தொகை கட்டி, விளைந்ததைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மழையில் போனால் நஷ்டத்திலும் அவர்களுக்குப் பங்கு. நம் ஊரில் அந்த அளவுக்கு உடனே எதிர்பார்க்க முடியாது. ஒரு மாத முன்பணம் கேட்பதற்கே மூன்று மாதமாவது ஒழுங்காகக் கொடுத்திருக்க வேண்டும்.

தங்கியவருக்கு மரியாதை செய்யும் முறை இன்னும் பழையது. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 1844இல் 28 பேர் சேர்ந்து ஒரு கடை வைத்தார்கள். கலப்படமில்லாத சரக்கு, சரியான எடை, கடன் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த வழியைப் பார்த்துத்தான் சாந்தோமுக்குப் பக்கத்திலேயே 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. தனி விவசாயி லாபத்தைப் பிரிக்க வேண்டாம். வருஷம் முழுதும் வாங்கிய வீட்டுக்குப் பொங்கலன்று இரண்டு கரும்பும் ஒரு மஞ்சள் கொத்தும் இனாமாகப் போனால் அதுவே போதுமான பங்கு. எடை விஷயத்தில் மட்டும் ராச்டேல்காரர்களின் கண்டிப்பு வேண்டும். தராசுக்கு உரிய காலத்தில் அரசு முத்திரை வாங்கியிருக்க வேண்டும். 500 கிராம் என்று எழுதினால் 500க்குக் குறையக் கூடாது.

இயற்கை முறையில் விளைந்தது என்று சொல்லி விற்பவர்கள் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். சான்று இல்லாதவர் சான்று முத்திரையைப் பையில் போடக் கூடாது. தம் நிலத்தில் விளைந்த காயை அப்படியே விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் தேவையில்லை. அதையே வற்றல், பொடி, எண்ணெய் என்று மாற்றி விற்கத் தொடங்கினால் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

இத்தனைக்கும் தேவையான கருவி இருபது ரூபாய் நோட்டுப் புத்தகம். கைபேசியில் எழுதத் தெரிந்தவர்கள் அதிலும் எழுதலாம். ஒவ்வொரு மாதமும் சேர்ந்தவர்களுக்கு ஒரு தனிப் பக்கம்: தையில் சேர்ந்தவர்கள் ஒரு பக்கம், ஆனியில் சேர்ந்தவர்கள் ஒரு பக்கம். வீட்டு எண், யார் சொல்லி வந்தார்கள், எதைக் கேட்கிறார்கள். பிறகு வாரத்துக்கு ஒரு கட்டம்; வாங்கினால் ஒரு கோடு, வாங்காவிட்டால் காலி. எல்லாரையும் ஒரே பட்டியலில் போட்டால் புதிதாக வருபவர்கள் போனவர்களை மறைத்துவிடுவார்கள். மொத்தம் 30 என்று தோன்றும், உள்ளே ஓட்டை இருப்பது தெரியாது. தனித்தனிப் பக்கத்தில் பார்த்தால் எந்தப் பட்டத்தில் சேர்ந்தது வேர் பிடித்தது, நோட்டீஸில் வந்தது எத்தனை தங்கியது, சிபாரிசில் வந்தது எத்தனை என்று நாற்றங்காலைப் பார்ப்பது போலத் தெரியும்.

தொடர்ந்து இரண்டு கட்டம் காலியாக இருந்தால் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். விற்கப் போகக் கூடாது. கேட்கப் போக வேண்டும். கோபித்துச் சண்டை போடுபவர் போகமாட்டார். குறை சொல்லாமல் நிறுத்துபவர்தான் போகிறவர். கீரை ஒரே மாதிரி நாலு வாரம் வந்தது என்பார் ஒருவர். இரண்டு பேர் வீட்டுக்குப் பை பெரிசு என்பார் இன்னொருவர். சிறிய பை போட்டால் 150 ரூபாய்க்காவது அவர் இருப்பார். சிலர் நிஜமாகவே வேண்டாம் என்பார்கள். அவர்கள் பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

மார்கழிக் கடைசியில் இந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். முன்பண அட்டை எடுத்த வீடு, ஆறு மாதத்துக்கு மேல் தங்கிய வீடு, சிபாரிசில் வந்த வீடு ஆகியவற்றைத் தனியே எண்ண வேண்டும். ஆறு மாதம் தங்கியவை 18க்குக் கீழே என்றால், வரும் தையில் புதிய தெரு எதையும் பிடிக்காமல், அதே ஊரில் இன்னும் இரண்டு விவசாயிகளைச் சேர்த்துக்கொண்டு வண்டி வாடகையைப் பங்கிடலாம். ஒருவரிடம் கீரை, ஒருவரிடம் காய், ஒருவரிடம் பழம் என்றால் பையும் நிறையும். 30ஐத் தொட்டிருந்தால் வாடகை வண்டியிலேயே இன்னொரு வருஷம் ஓட்டலாம். 60ஐ எட்டிய பிறகு வங்கிக்குப் போய்ச் சொந்த வண்டிக்குக் கடன் கேட்கலாம். அந்த நோட்டையும் கையோடு கொண்டுபோனால் மேலாளரிடம் பேசுவதற்கு ஆதாரமாக இருக்கும்.